பாண்டிகள் படித்த பள்ளியில் பங்காளிகள்

பாலக்காட்டில் உள்ள நம் பள்ளியின் பழைய மாணவர் சங்கத்தாருக்கு,

வணக்கம். போன மாதம் கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். பின்வரிசையில், தூணுக்கு மறைவில் உட்கார்ந்திருந்தேன். பழம்பொரியும் டீயும் முடிந்ததும் சுவரில் படம் போட்டுக் காட்டினீர்கள். பள்ளி வாசலில் எழுப்பப்போகும் வளைவு. இரண்டு கருங்கல் தூண், நடுவில் வள்ளுவர், வள்ளுவரைச் சுற்றி எல்.இ.டி. விளக்கு, கீழே கொட்டை எழுத்தில் 'தமிழ்ப் பள்ளி'. எல்லோரும் கைதட்டினோம். நானும்தான். இருபதாயிரம் ரூபாய் தருவதாக அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பாதியை மறுநாளே கட்டியும் விட்டேன்.

பிறகு ஒருவர் எழுந்து, "வளைவு சரி, உள்ளே யார் இருக்கிறார்கள்? முழுக்கப் பங்காளிப் பிள்ளைகள்தானே?" என்றார். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை என்று அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதனால்தான் இந்த மடல்.

வடக்கேயிருந்து வேலைக்கு வந்த எல்லோருக்கும் கேரளத்தில் அந்த ஒரே பெயர். ஒடிசாவோ பீகாரோ அசாமோ, ஊர் எதுவானாலும் ஆள் பங்காளி. மலையாளத்தில் அதற்கு வங்காளி என்பதற்கு மேல் பொருள் கிடையாது. தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், சொல் தானாகவே வேறாகிவிடுகிறது. பங்காளி என்றால் சொத்தில் பங்கு உள்ளவன், சாவுக்குத் தீட்டுக் காக்கிறவன். அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லோருமே வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். வாயில் வந்த சொல் காதில் விழவில்லையா என்று கேட்டுக்கொண்டே சுல்தான்பேட்டை வழியாக வீட்டுக்கு நடந்தேன்.

நமக்கு இந்த ஊர் வைத்திருந்த பெயர் நினைவிருக்கிறதா? பாண்டி. தமிழ்நாட்டு லாரி பாண்டி லாரி. நம் வகுப்பு பாண்டி டிவிஷன். மைதானத்தில் சண்டை மூண்டால் கல் வருவதற்கு முன்னால் அந்தச் சொல் வந்து விழும். நாம் இந்த ஊரில் மூன்று தலைமுறை இருந்த பிறகும் வந்தேறிகள்தான். இன்று நாம் மண்டபத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்து வந்தவனுக்குப் பெயர் வைக்கிறோம்.

மூன்று வருடத்துக்கு முன் அப்பாவின் வயதுச் சான்றுக்காகப் பள்ளிக்குப் போயிருந்தேன். எச்.எம். அலமாரியைத் திறந்து சேர்க்கைப் பதிவேடுகளை மேசைமேல் அடுக்கினார். பழையவற்றின் முதுகைக் கரையான் தின்றிருந்தது. தையல் நூல் வெளியே தொங்கியது. அப்பாவின் வரியைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது. நான் அங்கிருந்து எழுந்திருக்க இரண்டு மணி நேரம் ஆனது.

தாத்தா சேர்ந்த காலத்துப் பதிவேடு ஆங்கிலத்தில், சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. மசி துருப்பிடித்த நிறமாகியிருந்தது. பெயர், காப்பாளர் பெயர், வசிப்பிடம், முன்பு படித்த பள்ளி, காப்பாளரின் தொழில், அம்மை குத்தியாயிற்றா என்று கட்டம் கட்டமாகக் கோடு. தாத்தாவின் வரியில் காப்பாளரின் தொழில் வண்டிக்காரர். பொள்ளாச்சியிலிருந்து வெல்லமும் நிலக்கடலையும் ஏற்றிக்கொண்டு மாட்டுவண்டியில் வந்தவர், மண்டிக்காரர் ஒருவர் கிடங்கில் காவலுக்குப் படுக்கச் சொன்னதால் ஊர் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டார் என்பது எங்கள் வீட்டுக் கதை. அந்தப் பக்கத்தில் அவருக்கு மேலும் கீழும் இருந்தவர்கள் சுமைதூக்குகிறவர், செக்காட்டுகிறவர், நெசவாளர், சமையல்காரர், தட்டார். முன்பு படித்த பள்ளி என்ற கட்டத்தில் உடுமலைப்பேட்டை, பழனி, கோயம்புத்தூர் என்று கண்டேன். பெரும்பாலான கட்டங்களில் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது. அந்தப் பக்கம் முழுவதிலும் பாலக்காட்டில் வேர் பிடித்த குடும்பம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளால் நிறைந்த பள்ளி அது.

அப்பா 1953இல் சேர்ந்திருக்கிறார். சேரும்போது சென்னை மாநிலம், மலபார் மாவட்டம். நான்காம் வகுப்பு நடுவில், 1956 நவம்பர் 1 அன்று, கேரளம். அடுத்த ஜனவரி 1 அன்று பாலக்காடு தனி மாவட்டம். பெஞ்சைவிட்டு எழுந்திருக்காமலே ஒரு மாநிலமும் ஒரு மாவட்டமும் மாறிவிட்டதாக அப்பா சொல்வார். அன்று மிட்டாய் கொடுத்தார்களா என்று கேட்டால் மட்டும் சிரித்து மழுப்பிவிடுவார்.

அந்தப் பதிவேட்டில் ஆங்கிலம் சில பக்கங்களில் நின்று மலையாளம் தொடங்குகிறது. தொழில்களும் மாறுகின்றன. ரயில்வே கலாசி, பஸ் கண்டக்டர், நூல் மில், தையல். என் காலத்துப் பக்கங்களில் முதன்முறையாக 'கல்ஃப்' என்று ஒரு தொழில் முளைக்கிறது. அது ஒரு தொழில்தான் என்று எழுதியவர் நினைத்திருக்கிறார், யாரும் மறுக்கவும் இல்லை. அதற்குப் பிறகு பதிவேடுகள் மெலிகின்றன. முன்பு சீக்கிரமே தீர்ந்துபோன கனமான புத்தகம், பின்னால் வருடக்கணக்காகத் தீராமல் கிடக்கிறது. கடைசியில் புத்தகமே இல்லை. எல்லாம் 'சம்பூர்ணா' என்ற அரசு மென்பொருளில், கணினித் திரையில். எச்.எம். ஒரு பக்கத்தை எனக்குக் காட்டினார். பெயிண்டிங், கம்பி கட்டுதல், ஹோட்டல், துப்புரவு, காய்கறி மண்டிச் சுமை. ஊர் முர்ஷிதாபாத், கட்டாக், நடுவில் ஒரு தேனி, ஒரு சேலம். நான் வாசித்துக்கொண்டே போய் அந்தச் சுமையில் நின்றேன். தாத்தாவின் பக்கத்திலும் அதே தொழில் இருந்தது, அதே மண்டித் தெருவில்.

இனி நம் கணக்கைப் பார்ப்போம். அப்பா நான்காம் வகுப்பு ஏ டிவிஷன். அன்று ஏ என்றால் தமிழ், பி என்றால் மலையாளம். நான் 1976இல் சேர்ந்தபோது தமிழ் சி டிவிஷனுக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஆனாலும் பெஞ்சுக்கு ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்தோம். இன்று தமிழுக்கு எழுத்தே இல்லை. கதவில் சாக்பீஸால் 'தமிழ்' என்று எழுதியிருக்கிறது. அழிந்தால் டீச்சர் மறுபடியும் எழுதுகிறார்.

இதற்கு அரசைத் திட்டுவது எளிது. அந்த மேடையிலும் அதுதான் நடந்தது. 2017 சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது, அதனால்தான் தமிழ் போயிற்று என்று ஒருவர் முழங்கினார். அவருடைய பேரன் சந்திரநகர்ப் பக்கம் சி.பி.எஸ்.இ. பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கிறான். இதை அவரே வேறொரு நாள் பெருமையாகச் சொன்னார். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்துதர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350அ பிரிவு 1956 முதல் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேரளத்தில் பாடப்புத்தகம் தமிழிலும் அச்சாகிறது, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் வருகிறது. வசதி குறையுள்ளதுதான், மறுக்கவில்லை. என் காலத்தில் தமிழ்ப் புத்தகம் ஓணப் பரீட்சை முடிந்த பிறகு வரும்; அதுவரை போன வருடத்து அண்ணன்மார்களின் அட்டை கிழிந்த புத்தகம். ஆனால் வசதியைப் பயன்படுத்திக்கொள்ளப் பிள்ளைகள் வேண்டுமே. கடைகள் கடைத்தெருவைவிட்டு பைபாஸுக்குப் போயின, வீடுகள் கல்மண்டபத்துக்கும் சந்திரநகருக்கும் போயின, மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் வீட்டு வாசலுக்கே வந்தது. நம் பள்ளியிலேயே இங்கிலீஷ் மீடியம் தொடங்கியபோது முதலில் காலியானது தமிழ் டிவிஷன்தான்.

என் மகளையும் நான் அங்கே சேர்க்கவில்லை. எல்.கே.ஜி.க்கு வரிசையில் நின்று வேறிடத்தில் சேர்த்தேன். அவள் இன்று தமிழில் நன்றாகப் பேசுவாள். எழுதச் சொன்னால் ஆங்கில எழுத்தில் எழுதுவாள். வளைவில் பொறிக்கப்போகும் எழுத்துகளை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ஆகவே உங்களுக்குப் பாடம் நடத்தும் யோக்கியதை எனக்கு இல்லை. உடன் குற்றவாளியாகத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நமக்கு இயற்பியல் எடுத்த மாஷை நினைவிருக்கிறதா? 1984 ஜூன். தமிழ் டிவிஷனுக்குத் தமிழ் தெரிந்த ஆசிரியர் கிடைக்கவில்லை என்று அவரை அனுப்பினார்கள். ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. முதல் பாடம் ஒளி. அவர் வாயால் 'அபவர்த்தனம்' என்றார். கரும்பலகையில் ஆங்கிலத்தில் 'ரிஃப்ராக்‌ஷன்' என்று எழுதினார். எங்கள் கையிலிருந்த புத்தகத்தில் 'ஒளிவிலகல்' என்று இருந்தது. மூன்றும் ஒன்றுதான் என்று எங்களுக்குத் தெரியாது. மூன்று தனித்தனிச் சங்கதிகள் என்று நினைத்து மூன்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். ஓணப் பரீட்சையில் ஒருவன் மூன்றுக்கும் மூன்று விளக்கம் எழுதியிருந்தான்.

விடைத்தாளைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். மறுநாள் வந்தார். தமிழ்ப் புத்தகம் ஒன்றை எங்களில் ஒருவனிடம் வாங்கிக்கொண்டு, முன்பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்தார். "வாயிக்கு" என்றார். நாங்கள் சத்தமாக வாசித்தோம். அவர் விரலை வரிக்குக் கீழே ஓட்டிக்கொண்டே வந்தார். ழகரம் வந்த இடத்தில் நிறுத்தி, "இது நம்முடேதும்தான்" என்று சிரித்தார். தினமும் மணியடிக்கும் முன் பத்து நிமிடம் இப்படி நடந்தது. கிறிஸ்துமஸ் பரீட்சையில் என் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் தமிழில் 'நன்று' என்று எழுதியிருந்தார். 'நன்று' என்பது 'நன்ரு' மாதிரிக்கூட இல்லை, 'நன்னு' மாதிரி இருந்தது. 1986 எஸ்.எஸ்.எல்.சி.யில் 600க்கு 210 வாங்கினால் பாஸ். 210ஐ நாங்கள் பயந்து பயந்து தாண்டினோம் என்றால் இயற்பியலில் அவர் ஏற்றிவிட்ட மதிப்பெண்தான் காரணம். அவரை எந்தச் சட்டமும் தமிழ் படிக்கச் சொல்லவில்லை.

இப்போது இருக்கிற டீச்சரைப் பார்த்திருக்கிறீர்களா? சங்கத்தில் யாரும் போய்ப் பார்த்ததாக அவர் சொல்லவில்லை. கீழ்நிலை வகுப்புகள் இன்னமும் அந்தப் பழைய ஓட்டு ஹாலில்தான் நடக்கின்றன. நடுவில் ஒரு தட்டி. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். மார்கழியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது ஓடுகள் கடகடவென்று ஆடுமே, அதே ஓடுகள். நான் போன அன்று மறுபக்கத்து டீச்சர் லீவு. தட்டியை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு இவரே எல்லோரையும் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆஜர் பட்டியலின் பின்னட்டையில் நீல மையில் தமிழ் எழுத்தில் ஒரு வரிசை இருந்தது. தண்ணீர், வெள்ளம், பாணி, ஜல். அடுத்த வரியில் வயிற்றுவலி, வயறுவேதன, பேட் தர்த். இப்படி ஒரு பக்கம் முழுவதும். "எந்தப் பிள்ளை எதைக் கேட்டு அழுகிறது என்று தெரிய வேண்டாமா?" என்றார்.

மதியம் சோறு, சாம்பார், பயறுத் தோரன். அன்று முட்டை நாள். நமக்குக் கிடைத்த மஞ்சள் சோள உப்புமா உங்களுக்கு நினைவிருக்கும். 1984இல் கஞ்சியும் பயறும் வந்தபோது நாம் ஹைஸ்கூல், வாசனை மட்டும்தான் நம் பங்கு. ஒரு சின்னப் பெண், மூன்றாம் வகுப்பு, முட்டையைத் தட்டில் உருட்டிக்கொண்டே வாசலில் நின்ற தன் அம்மாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். ஆதார் அட்டையில் பிறந்த தேதி தவறாம். அம்மா வங்காளத்தில் கேட்கிறாள், பெண் மலையாளத்தில் சொல்கிறாள், டீச்சர் பாலக்காட்டுத் தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொல்கிறார். அப்பா சிறுவனாக இருந்தபோது பாட்டியைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கார்டு அலுவலகத்துக்குப் போய் இதே வேலையைத்தான் செய்தாராம். பாட்டிக்குக் கடைசிவரை மலையாளம் வரவில்லை.

ஆதார் விஷயம் சின்ன விஷயம் போலத் தோன்றும். இல்லை. பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் தலை எண்ணுவார்கள். ஒன்று முதல் ஐந்துவரை முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டுவரை முப்பத்தைந்துக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் அந்த எண்ணிக்கைதான் அந்த வருடத்துப் பணியிடங்களை முடிவு செய்கிறது. ஆதார் எண் சரியாக இல்லாத பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் விழாமல் போகலாம். வகுப்புக்குப் பதினைந்து பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளி ஆதாயமற்ற பள்ளிகளின் பட்டியலுக்குப் போய்விடும். நம் தமிழ் டிவிஷனின் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது மட்டும் இருந்தால் இந்தப் பள்ளியில் என்றோ பூட்டுத் தொங்கியிருக்கும். தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பங்காளிப் பிள்ளைகள்தான் கூரையைத் தாங்குகிறார்கள். அந்தக் கூரைக்குக் கீழே தமிழும் ஒண்டிக்கொண்டிருக்கிறது. வாசலில் நீங்கள் 'தமிழ்ப் பள்ளி' என்று கல்லில் வெட்டி வைத்தால், அந்தத் தாய் அதைப் படிக்கத் தெரியாமல் யாரையாவது கேட்பாள். கேட்டுத் தெரிந்துகொண்டு பிள்ளையை வேறு பள்ளிக்கு அழைத்துப் போனால் அவளைக் குறை சொல்ல முடியுமா?

டீச்சர் வரும் மே 31 அன்று ஓய்வு பெறுகிறார். தமிழ்ப் பிள்ளைகள் இப்போது இருக்கிற எண்ணிக்கையிலேயே இருந்தால் அந்தப் பணியிடத்துக்கு வேறொருவர் வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வளைவுக்குத் திறப்பு விழாவும் மே மாதம்தான் வைத்திருக்கிறீர்கள். ஒரே மேடையில் இரண்டையும் நடத்திவிடலாம்போல.

நான் கேட்பது இதுதான். வளைவை நிறுத்திவையுங்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஒரு வண்டி வாங்கலாம். பெரிய வண்டி வேண்டாம், பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் போதும். காய்கறி மண்டிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளிலிருந்தும், மேலாமுறியிலிருந்தும், கல்மண்டபத்துப் பக்கம் புதிதாக வந்து தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகளை ஏற்றிவரலாம். பெற்றோர்-ஆசிரியர் சங்கமான பி.டி.ஏ. நடத்தும் பிரீ-பிரைமரியில் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியைக்கும் ஆயாவுக்கும் இரண்டு வருடச் சம்பளம் சங்கம் கொடுக்கட்டும். தமிழ் டிவிஷன் காலியானது ஒன்றாம் வகுப்பில் அல்ல; மூன்று வயதில், எல்.கே.ஜி. வாசலில். ஆதார் திருத்தத்துக்கு அக்ஷய என்ற அரசு சேவை மையத்தில் வரிசையில் நிற்க நம்மில் ஓய்வு பெற்றவர்கள் இத்தனை பேர் இருக்கிறோம். வங்காளப் பிள்ளைக்கு ஒரு நாள், தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு நாள் என்றில்லாமல் யார் வந்தாலும் கூடப் போகலாம். ஓடு மாற்றுவது நகரசபையின் பொறுப்பு. அதற்கு மனு எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட வாருங்கள்.

வள்ளுவரை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹாலுக்குள் ஒரு படம் மாட்டினால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் கட்டிய பத்தாயிரத்துக்கு ரசீது என்னிடம் இருக்கிறது. அந்தத் தொகையை வளைவுக் கணக்கிலிருந்து எடுத்து வண்டிக் கணக்கு என்று ஒன்று திறந்து அதில் முதல் வரியாக எழுதும்படி பொருளாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மீதிப் பத்தாயிரத்தை அந்தக் கணக்கு திறந்த அன்று தருகிறேன், அதற்கு முன்னால் தர மாட்டேன். வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு டீச்சர் லைன் வீடுகளுக்குப் போகிறார். கூடப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பள்ளிக் கிணற்றடியில் நிற்பேன். வருகிறவர்கள் வண்டியைச் சந்துக்கு வெளியே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே திருப்ப இடமில்லை.

அன்புடன்,
1986 எஸ்.எஸ்.எல்.சி., சி டிவிஷன், கடைசிக்கு முந்தின பெஞ்ச்